செய்தி சுமந்த கால்களும் செய்தியாகாத தெருவும்

ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் முன்பெல்லாம் முதலில் கிளம்பும் ஆள் சேரிக்காரர்தான். இறந்தவரின் சம்பந்தி வீடு பத்து மைல் தள்ளி இருக்கும். அங்கே போய்ச் சேதி சொல்ல வேண்டும். நடந்துதான் போக வேண்டும். ராத்திரியானாலும் மழையானாலும் மறுக்க முடியாது. போய்ச் சேர்ந்ததும் வாசலுக்கு வெளியே நின்று, இன்னார் இறந்துவிட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நெல்லோ சில்லறையோ கிடைக்கும். இதைக் 'கேதம் சொல்வது' என்பார்கள் சில பகுதிகளில். 'இழவு சொல்வது' என்பார்கள் வேறு சில பகுதிகளில். பெயர் மாறினாலும் அந்த வேலையைச் செய்த கால்கள் மாறவில்லை.

தண்டோராவும் அப்படித்தான். ஏரி மீன் ஏலம், வரி கட்டக் கடைசி நாள், கோயில் காப்புக் கட்டு, வெள்ள எச்சரிக்கை, கிராம சபைக் கூட்டம் என எதுவானாலும் தப்பைத் தட்டி ஊரைச் சுற்றிச் சொன்னவர் ஒரு தலித்தாகவே இருந்தார். அவர் சொன்ன சேதிகளில் அவருடைய தெருவைப் பற்றிய சேதி அநேகமாக இருக்காது. ஊரின் செய்தித் துறையைத் தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்தவர்களுக்கு அந்தச் செய்தியில் இடம் இல்லை.

இன்று இழவு சொல்ல யாரும் நடக்க வேண்டியதில்லை. கைபேசியில் ஒரு அழைப்பு போதும். வாட்ஸ்அப்பில் படத்தோடு அஞ்சலி வந்துவிடுகிறது. தொழில்நுட்பம் நம் கால்களை விடுவித்திருக்கிறது. நம் குரலையும் விடுவித்திருக்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி.

தண்டோரா நின்ற பிறகு

2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் தண்டோரா போடும் வழக்கம் தொடர வேண்டியதில்லை. வாகனத்தில் ஒலிபெருக்கியைக் கட்டி எல்லா இடங்களுக்கும் தகவலைக் கொண்டு சேர்க்கலாம் என்பது அதன் சாரம். வரவேற்க வேண்டிய முடிவு. பறை இசைக்கலையாக மேடை ஏறுவது வேறு. ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட ஊழியமாகத் தெருவில் ஒலிப்பது வேறு. முதலாவது வளர வேண்டும். இரண்டாவது ஒழிய வேண்டும்.

ஆனால் தண்டோராவின் இடத்தில் என்ன வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தப்பு அடித்தவர் காலனியில் குடியிருந்தவர். அதனால் சேதி எப்படியும் காலனிக்கு வந்துவிடும். மைக் கட்டிய ஆட்டோ அப்படியல்ல. தார்ச்சாலை முடியும் இடத்தில் அதுவும் திரும்பிவிடலாம். ஊராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பவர் குழுவின் அட்மின். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லாத குழுவில் போடப்படும் அறிவிப்பு, சட்டப்படி எல்லோருக்குமானதாக இருந்தாலும், உண்மையில் பாதி ஊருக்குத்தான் போய்ச் சேருகிறது.

இது சின்ன விஷயம் அல்ல. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபைக்கு உரியவை. சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் எல்லாம் பேசப்படும் இடம் அது. கூட்டம் நடந்து முடிந்த மறுநாள் தகவல் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையும் அப்படியே. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியல் சாதி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் இணையத்தில். கடைசித் தேதி இணையத்தில். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில். இந்த மூன்று தகவலும் ஒன்றாக ஒரு வீட்டுக்கு வந்து சேராமல் போவதால் மட்டுமே படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காலணாவுக்கு ஒரு பத்திரிகை

தங்கள் செய்தியைத் தாங்களே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் கைபேசியோடு பிறந்தது அல்ல. அன்றைய புதிய தொழில்நுட்பமான அச்சு இயந்திரம் சாதாரண மக்களின் கைக்கு எட்டத் தொடங்கியதுமே தலித் முன்னோடிகள் அதைப் பற்றிக்கொண்டார்கள். 1869 இல் 'சூரியோதயம்' வெளிவந்தது. தமிழில் தலித் இதழ்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. பிறகு 'பஞ்சமன்', 'திராவிடபாண்டியன்', 'மகாவிகடதூதன்' என்று வரிசையாக இதழ்கள் வந்தன.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே எடுத்துத் தலைப்பாக வைத்தார். விலை இரண்டணா. சென்னையில் இரண்டே நாளில் நானூறு பிரதிகள் விற்றதாகத் தன் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். மாத இதழாகத் தொடங்கியது, சில மாதங்களில் வார இதழானது. ஏழு ஆண்டுகள் நடந்தது.

1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். காலணாதான் விலை. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914 இல் அவர் இறக்கும்வரை இடைவிடாமல் வந்த அந்த வார இதழ், கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களிடமும் கடல் தாண்டி ரங்கூன், தென்னாப்பிரிக்கா வாழ் தமிழர்களிடமும் போய்ச் சேர்ந்தது. எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டுத்தான் ஒரு பத்திரிகை பத்துப் பேரிடம் போனது.

மராத்திய மண்ணில் டாக்டர் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று அதற்குப் பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் அன்றைய பெரிய பத்திரிகை ஒன்று மறுத்துவிட்டது. பிறகு 1927 இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930 இல் 'ஜனதா', 1956 இல் 'பிரபுத்த பாரத்' என்று வாழ்நாள் முழுவதும் பத்திரிகையைக் கைவிடாமல் நடத்தினார். அரசியல் சட்டம் எழுதிய கைக்குப் பத்திரிகை எழுதுவதும் அவசியமாகப் பட்டது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

காற்றில் வந்த குரல்

அச்சுக்குப் பிறகு வந்தது வானொலி. சென்னை நிலையம் 1938 இலும் திருச்சி நிலையம் 1939 இலும் தொடங்கின. பிறகு ஊராட்சிகளுக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. பெட்டி இருந்தது ஊருக்குள். கூம்பு ஒலிபெருக்கி மட்டும் கம்பத்தின் உச்சியில். பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார அனுமதி இல்லாதவர்களுக்கும் காற்று அந்தக் குரலைக் கொண்டுவந்தது. காலை 7.15 மணி டில்லிச் செய்தியைக் களத்துமேட்டில் நின்றும் கேட்க முடிந்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் ஒன்றை வாங்கி வந்தார்கள். காலனியிலேயே ஒரு பெட்டி பாடியது.

நாளிதழ் வந்து சேர்ந்த வழி இன்னும் கரடுமுரடானது. கிராமத்துக்குப் பத்திரிகை வரும் இடம் டீக்கடை. டீக்கடையின் பெஞ்சில் உட்காரக் கூடாது, தனிக் குவளையில்தான் குடிக்க வேண்டும் என்றிருந்த ஊர்களில் பெஞ்சின் மேல் கிடந்த பத்திரிகையைத் தொடுவதும் லேசாக இல்லை. எல்லோரும் படித்து முடித்து, மடிப்புக் கலைந்து, வடை எண்ணெய் பட்ட பிறகு கிடைத்தால் உண்டு. இந்த அவமானத்துக்கு விடையாகத்தான் காலனிகளில் அம்பேத்கர் படிப்பகங்களும் இரவுப் பள்ளிகளும் எழுந்தன. ஒரு கூரைக் கொட்டகை, ஒரு பெஞ்ச், ஒரு பேப்பர். அதிலிருந்து படித்து அரசு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

2006 இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அடுத்த பெரிய மாற்றம். அதுவரை யார் வீட்டுத் திண்ணைக்கு வெளியேயோ, ஊராட்சித் தொலைக்காட்சி அறைக்கு முன்னாலோ நின்று பார்த்த பிள்ளைகள் சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். 2011 இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2016 இல் இணையக் கட்டணம் திடீரென மலிந்து, கைபேசி வீடுதோறும் வந்தது. செய்தி கேட்பதற்காக அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டிய நிலை இத்துடன் ஏறக்குறைய முடிந்தது.

எழுதும் இடத்தில் யார்?

கேட்பது எளிதாகிவிட்டது. சொல்லும் இடம் மட்டும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. 1996 இல் பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர், வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் டில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை வைத்துத் தேடிப் பார்த்தும் ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் கட்டுரையாகவே எழுதினார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஓர் ஆய்வை வெளியிட்டன. அவர்கள் ஆராய்ந்த ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 இல் உயர்த்தப்பட்ட சாதியினர் இருந்தார்கள். தலித்தும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை.

இதனால் என்ன குறைகிறது என்று கேட்கலாம். ஒரு சொல்லைப் பாருங்கள்: 'இரு தரப்பினர் மோதல்'. திருவிழாவில் ஒரு கூட்டம் வந்து காலனி வீடுகளை அடித்து நொறுக்கினாலும் மறுநாள் செய்தியில் பல நேரம் இப்படித்தான் வரும். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். செய்தியாளர் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டு, அவர்கள் சொன்னதை எழுதிவிட்டால் இதுதான் கிடைக்கும். காலனிக்குள் போய் உடைந்த ஓட்டையும் எரிந்த வண்டியையும் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கும். அந்தத் தெருவில் பிறந்தவர் ஒருவர் செய்தி அறையில் இருந்தால், போய்ப் பார்க்கச் சொல்ல ஆள் இருக்கும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்து நாடே அதிர்ந்தது. ஆட்சியர் நேரில் போனபோதுதான் அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் தலித் மக்களை விடாததும் வெளியே வந்தன. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று செய்தியாவதற்கு இப்படி ஒரு கொடுமை நடக்க வேண்டியிருந்தது.

கையில் வந்த கேமரா

கைபேசி இந்த நிலையை ஓரளவு உடைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் வறண்ட புந்தேல்கண்ட் பகுதியில், சித்ரகூட்டில் 2002 இல் 'கபர் லஹரியா' என்ற இதழ் தொடங்கியது. நடத்தியவர்கள் கிராமத்துப் பெண்கள், பலர் தலித்துகள். பேச்சுவழக்கிலேயே எழுதி, அவர்களே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். பிறகு அச்சை விட்டுக் கைபேசிக் காணொலிக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022 இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. தமிழ்நாட்டில் பிறந்த ஆய்வாளர் ஒருவர் தொடங்கிய 'தலித் கேமரா', யூடியூப் வழியே போராட்டக் களங்களையும் பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களையும் பதிவு செய்தது. 2021 இல் ஒரு தலித் பெண் பத்திரிகையாளர் அம்பேத்கரின் பழைய இதழின் பெயரிலேயே 'தி மூக்நாயக்' என்ற இணையச் செய்தித் தளத்தைத் தொடங்கினார். தமிழில் 'நீலம்' இதழும் யூடியூப் தளமும் இருக்கின்றன. காலணா இதழுக்கும் இவற்றுக்கும் கருவிதான் வேறு, தேவை ஒன்றே.

அதே கருவி கொல்லவும் செய்யும்

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை, குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து ஊரே திரண்டு அடித்துக் கொன்றது. அவர் செய்தது, வழியில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கடத்தல் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. நாட்டின் பல பகுதிகளிலும் இதுபோல் நடந்த பிறகுதான், ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு பரவிக் கல்வீச்சு வரை போனது. 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று.

பஞ்சாயத்து ரேடியோவில் ஊரே ஒரே செய்தியைக் கேட்டது. கைபேசி அப்படியல்ல. எதை நாம் நின்று பார்க்கிறோமோ அதைப் போன்றதையே அது மேலும் மேலும் காட்டும். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களுக்கு, ஒருவன் ஊர்த்தெரு, ஒருவன் காலனி என்றால், இரண்டு வேறு உலகங்கள் கையில் வருகின்றன. சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் ஒன்றைப் பார்த்தவனுக்கு அடுத்து இன்னும் பத்து வரும். பள்ளிக்கூட வாசலில் நடக்கும் சண்டைக்கு விதை முந்தைய இரவே திரையில் விழுந்திருக்கும்.

இணையத்தில் சாதி சொல்லித் திட்டினால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இணையம் வழியாகச் செய்யப்படும் இழிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வன்கொடுமை குறித்துத் தகவல் தரவும் வழி கேட்கவும் 14566 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண் 2021 டிசம்பர் முதல் இயங்குகிறது. இந்த எண்ணைக் காலனிச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியது

காலனியில் மூடிக்கிடக்கும் படிப்பகத்தைத் திறக்க வேண்டும். வீட்டில் கைபேசி ஒன்றுதான் இருக்கும். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ரீசார்ஜ் முடிந்தால் செய்தியும் நின்றுவிடும். அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் அது வருவதே இல்லை. சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு மாணவர் பத்திரிகையை உரக்கப் படித்தால், 'தமிழன்' காலத்தில் நடந்தது இப்போதும் நடக்கும்.

ஒரு கொடுமை நடந்தால் படம் எடுங்கள். ஆனால் பாட்டுப் போட்டு, வெட்டி ஒட்டி ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன், வெட்டாத மூலப் பதிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம், கூட இருந்தவர்கள் யார் என்பதைத் தாளில் எழுதுங்கள். வழக்கு என்று வரும்போது பயன்படுவது அதுதான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண், குழந்தை ஆகியோரின் பெயரையோ முகத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் பகிரக் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

ஆத்திரமூட்டும் தகவல் வந்தால், எங்கே நடந்தது, எப்போது நடந்தது, யார் சொன்னார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நம் பக்கத்துக்குச் சாதகமான செய்தியானாலும் இதே விதிதான். பொய் ஒன்று வெளிப்பட்டால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படிக்கும் செய்தியில் 'மோதல்' என்று வந்தால், யார் யாரை அடித்தது என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பத்திரிகைக்கு ஒரு அஞ்சலட்டை எழுதுங்கள். இதழியல் படிக்க நினைப்பவர்கள் தயங்க வேண்டாம். அந்த 121 நாற்காலிகளும் தாமாகக் காலியாகாது.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கலாம். கூட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்தைப் பற்றிய அறிவிப்பு எங்கள் தெருவுக்கு எந்த வழியாக, எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊரின் சேதியை எல்லாம் சுமந்து திரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு வர வேண்டிய சேதியைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.